இரண்டு மணியடித்து ஓய்ந்த அழைப்பு

திங்கட்கிழமை சாயங்காலம், கடைசி செம்பனை லாரி எடைமேடையை விட்டு இறங்கிப் போன பிறகு, தோட்டத்து ஆபீசில் பூட்டியிருந்த இரும்பு அலமாரிக்குள்ளிருந்து குமுதவல்லியின் மகள் பேசினாள்.

“அம்மா? நாந்தாம்மா…”

அவ்வளவுதான். அடுத்த கணம் அலமாரி கீச்சென்று கத்தத் தொடங்கியது. நீளமான ஒரே ஊளை. அதற்கடியில் மகளின் குரல் எதையோ சொல்லிக்கொண்டே அமிழ்ந்து போனது. குமுதவல்லி மேசைமேல் இருந்த போனைப் பாய்ந்து எடுத்துக் காதில் வைத்தாள். அது செத்துக் கிடந்தது. “லோகா, லோகா” என்று அந்தச் செத்த போனுக்குள் கூப்பிட்டாள். பிறகு அதைப் போட்டுவிட்டு அலமாரிக் கதவின் காற்றுத் துளைகளில் வாயை வைத்துக் கூப்பிட்டாள். உள்ளே ஊளை நின்றது. ‘டிக்’ என்றொரு சத்தம். சின்னப் பச்சை விளக்கொன்று துளை வழியே மினுக்கி அடங்கியது. எடைமேடையில் நின்றிருந்த இந்தோனேசியக்காரப் பையன்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் சிகரெட்டுக்குத் திரும்பினார்கள்.

லோகேஸ்வரி வீட்டை விட்டுப் போனது தீபாவளிக்கு முன்பு. எண்ணெய் ஆலைக்கு டாங்கர் லாரி ஓட்டிவந்த ஹேமநாதன் என்பவனோடு போனாள். ஜொகூர் பக்கம் எங்கோ பதிவுத் திருமணம் முடிந்துவிட்டதாகச் செய்தி மட்டும் வந்தது. அவளுடைய அப்பா, தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் நல்லசாமி மண்டோர், அன்றைக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று, இனி இந்த வீட்டில் அவள் பெயர் எடுக்கப்படாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சொன்னபடியே இருந்தார். தைப்பூசத்தின்போது பக்கத்து ஊர் மந்தின்காரி ஒருத்தி குமுதவல்லியைத் தனியே இழுத்துப் போய், உன் மகளை ஜொகூரில் ஒரு கிளினிக்கில் பார்த்தேன், ஒரு கண் மூடிப்போகிற அளவுக்கு வீங்கியிருந்தது, படியில் விழுந்துவிட்டேன் என்றாள், ஆனால் பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதையும் சொன்னாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் குடியிருப்பது எந்த ஊர், எந்த வீடு என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து குமுதவல்லி போன் மணிக்காகவே வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

புக்கிட் செராய்த் தோட்டம் மந்தினுக்குப் பின்னால் இரண்டு குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடந்தது. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. சிரம்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் கைப்பேசி வைத்திருந்தார்கள். இந்தப் பள்ளத்தில் அந்தக் கருவி மணி பார்க்க மட்டும்தான் உதவியது. லயத்து வீடுகளுக்குப் போன் கம்பி வந்ததே இல்லை. மொத்தத் தோட்டத்துக்கும் ஆபீசில் ஒரே ஒரு லைன்.

அந்த லைனில் சொந்தப் பேச்சுக் கூடாது என்பது மேனேஜர்கள் மாறினாலும் மாறாத சட்டம். அதற்கு லயத்து மக்களும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து கூப்பிடுகிறவர் போன் மணியை இரண்டு தடவை அடிக்க விட்டு வைத்துவிட வேண்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடிக்க வேண்டும். அப்படி வந்தால் அது கம்பெனி அழைப்பு இல்லை, நம்மாள் என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிக்குத் தெரிந்துவிடும். மேனேஜர் ஃபீல்டுக்குப் போயிருந்தால் கிராணி எடுத்து விஷயத்தைக் கேட்டுச் சம்பந்தப்பட்ட வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். மேனேஜர் இருந்தால் “ராங் நம்பர்” என்று வைத்துவிடுவார். இந்த முறை எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. எந்த மேனேஜருக்கும் இது தெரியாது. குமுதவல்லிக்கு முன்பிருந்த கிராணி வேலையை ஒப்படைக்கும்போது சாவிக்கொத்தோடு இதையும் சேர்த்துத்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

லோகேஸ்வரி பதினாறு வயதில் படிவம் நான்கு படிக்கச் சிரம்பான் ஹாஸ்டலில் சேர்ந்தபோது, குமுதவல்லியே அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

“நாலு மணிக்கு மேல அடி. அப்பத்தான் மேனேஜர் ரவுண்டு போவாரு. ரெண்டு மணி அடிச்சு வை, மறுபடி அடி. மொத தடவையே யாராச்சும் எடுத்துட்டா அது மேனேஜர்தான். வாயத் தொறக்கக் கூடாது. ஒடனே வச்சிடணும். மறுநாள் வரைக்கும் அந்தப் பக்கமே வரக்கூடாது. நீ ஒருத்தி தப்புப் பண்ணினா ஊரு லைனே போயிடும், வெளங்குதா?”

மகளுக்கு அன்றே விளங்கிவிட்டது. ஹாஸ்டலில் இருந்த காலம் முழுக்க ஒருமுறைகூட அவள் பிசகவில்லை.

இரும்பு அலமாரி வந்தது இந்த வருடம்தான். கே.எல். என்று எல்லோரும் சொல்லும் கோலாலம்பூரின் தலைமை அலுவலகம் எல்லாத் தோட்டங்களையும் ஒரே கம்ப்யூட்டர் வலைக்குள் கொண்டுவர முடிவெடுத்து, தோட்டத்துக்கொரு சர்வரும் அதைப் போன் லைனோடு இணைக்கும் மோடமும் அனுப்பியிருந்தது. சிரம்பான் கடையிலிருந்து அதைப் பொருத்த வந்தவன் யோகேந்திரன். வேலை தெரிந்தவன்தான். வேலை செய்யும்போதே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவும் அவனுக்குப் பிடிக்கும்.

“லைன் ஒண்ணுதான் ஆண்ட்டி. அதுலயே ஃபேக்சும் வரணும், கே.எல். கம்ப்யூட்டரும் டயல் பண்ணி உள்ள வந்து எடைக்கணக்க எடுத்துட்டுப் போவணும். ஃபேக்சு கூப்பிட்டா நடுவுல நடுவுல பீப்புன்னு சத்தம் போடும். கம்ப்யூட்டர் கூப்பிட்டா கம்முனு இருக்கும், நம்ம மோடம் கத்தின பொறகு பதிலுக்குக் கத்தும். இது ரெண்டையும் மோடமே பிரிச்சுக்கும்லா. மனுசன் கூப்பிட்டாத்தான் அதுக்குத் தெரியாது.”

“ஏன் தம்பி தெரியாது?”

“மனுசனும் கம்முனுதானே இருக்கான், நீங்க ஹலோ சொல்ற வரைக்கும்.”

முதல் வாரம் எல்லா அழைப்பையும் மோடமே எடுத்தது. லாரிக்காரர்கள் காதில் ஊளை விழுந்தது. உர வியாபாரி, தோட்டத்தில் பேய் ஓட்டுகிறீர்களா என்று நேரிலேயே வந்து கேட்டான். யாரோ கெட்டில் போடுவதற்காக மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி, ஒருநாள் கணக்கு கே.எல்.லுக்குப் போகாமல் நின்றது. கடைசியில் சிரம்பானிலிருந்து கூப்பிட்ட மேனேஜர் சத்தியசீலனின் காதிலேயே அது கத்தியபோது யோகேந்திரன் திரும்பவும் வரவழைக்கப்பட்டான்.

அவன் இரண்டு காரியம் செய்தான். சர்வரையும் மோடத்தையும் இரும்பு அலமாரிக்குள் வைத்து, லைனை முதலில் அதற்குள் கொண்டுபோய், அங்கிருந்து போனுக்கு வயர் விட்டான். மோடம் லைனைப் பிடித்துக்கொண்டால் போன் செத்துவிடும், லைனில் வருவது மோடத்தின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். அலமாரிச் சாவி மேனேஜர் இடுப்புக்குப் போனது. இரண்டாவது, மோடத்தின் அமைப்பை மாற்றினான்.

“இனிமே சாதாரணமா மணி அடிச்சா மோடம் தொடாது சார். நீங்க எடுத்துப் பேசலாம். எடுத்தா பீப்புன்னு கேக்குதா, அது வெளி ஃபேக்சு, ஆண்ட்டி அவங்க கம்ப்யூட்டர்ல இந்தக் கீய அமுக்கினாப் போதும், மோடம் வாங்கிக்கும். ஆனா கே.எல். மெஷினுக்கு மட்டும் ஒரு அடையாளம் வச்சிருக்கேன். அது ரெண்டு மணி அடிச்சு வச்சிடும், மறுபடி அடிக்கும். அப்பிடி வர்ற ரெண்டாவது கால மோடம் ஒடனே எடுத்துக்கும். நீங்க யாரும் முதல் ரெண்டு மணிக்குக் கை வைக்காம இருந்தாச் சரி.”

பிறகு அவன் குமுதவல்லியைப் பார்த்துக் கேட்டான். “ஏன் ஆண்ட்டி, இப்பிடி ரெண்டு மணி அடிச்சு கட் பண்ணிட்டு மறுபடி அடிக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லுங்க, வேற எண்ணிக்கை போட்டுக்கலாம். ரெண்டுக்குப் பதிலா மூணு, அவ்ளோதான்.”

சத்தியசீலன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கண்ணும் அவள்மேல்தான் இருந்தது.

“அப்படியெல்லாம் யாரு தம்பி அடிக்கப் போறா,” என்றாள் குமுதவல்லி. “யாரும் இல்ல.”

மேனேஜர் முன்னால் வேறு எந்தக் கிராணியாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லும்போது வாய் தானாகவே அந்தப் பக்கம்தான் திரும்பும். மோடம் என்றால் என்னவென்றே அப்போது அவளுக்குப் பிடிபட்டிருக்கவில்லை. அவளுக்குப் பிடிபட்டது மேனேஜரின் கண் மட்டும்தான்.

திங்கட்கிழமை இரவு அவள் நல்லசாமியிடம் எதுவும் சொல்லவில்லை. ஏதோ கோளாறு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று படுத்தாள். மறுநாள் நாலு மணி தாண்டியதும் போன் இரண்டு மணி அடித்து ஓய்ந்தது. அவள் போனுக்கு மேலே கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டாவது அழைப்பின் மணி முழுதாக ஒலிப்பதற்குள் அலமாரியில் ‘டிக்’ என்றது.

இந்த முறை மகள் தயாராக வந்திருந்தாள். லைன் திறந்ததும் ஊளை கிளம்புவதற்குள் ஒரே மூச்சில் கொட்டினாள்.

“அம்மா, வெள்ளிக்கிழம என்னைய கடல் தாண்டி சபாவுக்குக் கூட்டிட்டுப் போறாரும்மா, அங்க போயிட்டா என்னால…”

ஊளை.

குமுதவல்லி அலமாரிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். முழுப் பலத்தோடு இழுத்தாள். அலமாரி சுவரிலிருந்து ஒரு விரல் அளவுகூட அசையவில்லை. உள்ளே மகள் “அம்மா, அம்மா” என்று அந்தச் சத்தத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். பிறகு ‘டிக்’.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தபோது ஆயாக் கொட்டகையிலிருந்து அந்தோனியம்மாள் வந்தாள். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். இடுப்பில் யாருடையதோ ஒரு பிள்ளை இருந்தது.

“ஏன் குமுதா கீழ குந்தியிருக்க? சரி, நான் கேக்க வந்தது வேற. சிங்கப்பூர்லேர்ந்து என் மவன் நாலு நாளா அடிக்கிறானாம். உங்க ஆபீசு போனு அவன் காதக் கிழிச்சிடிச்சாம். ‘அம்மா, கிராணிக்கு எம்மேல என்ன கோவம்’னு ஆள் விட்டுக் கேக்குறான்.”

“மேனேஜருக்கு வர்ற கால் எல்லாம் நல்லாத்தானே வருது. லாரிக்காரன் கால்கூட வருது.”

“அவனுக்கெல்லாம் வரும். எம்மவன் நம்ம முறையிலல்ல அடிச்சான். ரெண்டு மணி விட்டு, வச்சு, மறுபடி.”

குமுதவல்லி அவளை நிமிர்ந்து பார்த்தாள். யோகேந்திரன் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், பக்கத்தில் நின்ற மேனேஜர் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வெளியாட்கள் எல்லோருக்கும் இந்த லைன் திறந்திருக்கிறது. லயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் மூடியிருக்கிறது. மூடியது தன் வாய்.

அவள் எழுந்து சிரம்பான் கடைக்குப் போன் போட்டாள்.

“நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல ஆண்ட்டி,” என்றான் யோகேந்திரன். குரலில் கோபம் இல்லை. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை. “ஒரு எண்ணிக்கைதான். இங்கேர்ந்தே டயல் பண்ணி உள்ள வந்து மாத்திடலாம். ஆனா இப்ப பாஸ்வேர்டு எல்லாத்தையும் கே.எல். எச்.கியூ.வுல மாத்திட்டாங்க. அவங்க மெயில் அனுப்பினாத்தான் நான் கை வைக்க முடியும். உங்க மேனேஜர விட்டு எழுதச் சொல்லுங்க. திங்கக்கிழமைக்குள்ள முடிச்சுடலாம்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதா தம்பி?”

“என்ன ஆண்ட்டி, யாரும் அடிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க, இப்ப வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு சொல்றீங்க. யாரு அடிக்கிறா?”

பதில் சொல்ல அவள் வாயெடுத்தபோது சன்னலுக்கு வெளியே சத்தியசீலனின் ஜீப் வந்து நின்றது. அவள் போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் தோன்றியது, இவ்வளவு நேரம் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தோமே, இடையில் மகள் மறுபடி அடித்திருந்தால் எங்கேஜ்டாக இருந்திருக்குமே என்று.

மேனேஜரிடம் சாவி கேட்டாள். உள்ளே தூசி அடைந்திருக்கிறது, துடைக்க வேண்டும் என்றாள்.

“எச்.கியூ. ஆளு வராம தொறக்கக் கூடாது,” என்றார் அவர். “கெட்டில் கதை ஞாபகம் இருக்குல்ல? தூசி இருந்துட்டுப் போவட்டும்.” கெட்டவர் இல்லை. இந்த வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர். அலமாரி விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை கே.எல்.லில் பேச்சு வாங்கியவர்.

புதன்கிழமை காலை முழுவதும் அவள் வேலை ஓடாமல் யோசித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிவாக்கில் வழி தெரிந்தது. இவ்வளவு சின்ன வழி ஏன் முன்பே தோன்றவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். முதல் இரண்டு மணிக்குள் போனை எடுத்துவிட்டால் போயிற்று. மோடம் இரண்டாவது அழைப்பைத்தானே பிடிக்கும். முதல் அழைப்பிலேயே மகளைப் பிடித்துவிட்டால்?

அப்படிச் செய்தால் கே.எல். மெஷினின் அழைப்பும் கெடும். அதுவும் கணக்கு மூடியதும் நாலு மணி வாக்கில்தான் அடிக்கும். கெட்டால் கெடட்டும் என்று நினைத்தாள்.

நாலு அடித்துச் சற்று நேரத்தில் போன் மணி ஒலித்தது. முதல் மணியின் பாதியிலேயே எடுத்தாள்.

“ஹலோ?”

அந்தப் பக்கம் பஸ் ஒன்றின் உறுமல் கேட்டது. யாரோ மலாயில் ஊர்ப்பெயர்களை அடுக்கிக் கூவிக்கொண்டிருந்தார்கள். யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“ஹலோ, யாரு…”

வைத்துவிட்டார்கள்.

குமுதவல்லி கையில் போனோடு நின்றாள். முதல் தடவையே யாராவது எடுத்தால் அது மேனேஜர்தான். வாயைத் திறக்கக் கூடாது. உடனே வைத்துவிட வேண்டும். மறுநாள் வரைக்கும் அந்தப் பக்கமே வரக்கூடாது. தான் சொல்லிக் கொடுத்ததை மகள் ஓர் எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டுப் போயிருந்தாள். மறுபடி அடிப்பாள் என்று இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள். அடித்தது கே.எல். மெஷின் மட்டும்தான்.

அன்று வீட்டில் நல்லசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “லோகாவ சபாவுக்குக் கூட்டிட்டுப் போறானாம்,” என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அவளப் போட்டு அடிக்கிறான்னு நெனக்கிறேன். போன்ல அழுவுறா.” அவர் கை நின்றது. எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போனார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. அவளுக்கு மீதியிருந்தது அந்த ஒருநாள்தான்.

வழியில் தவறில்லை, வார்த்தையில்தான் தவறு என்று அவள் கண்டுகொண்டிருந்தாள். ‘ஹலோ’ மேனேஜரின் வார்த்தை. மகள் வைப்பதற்குள் மகளின் பெயர் அவள் காதில் விழ வேண்டும். எந்த அழைப்பு அவளுடையது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆகவே எல்லா அழைப்பையும் அவளுடையதாகவே எடுக்க வேண்டும். இன்றைக்கு நாலு மணிதான் என்று என்ன நிச்சயம்? புறப்படுகிற அவசரத்தில் எந்த நேரத்திலும் அடிக்கலாம். மத்தியானத்திலிருந்தே அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

“லோகா, வைக்காத, அம்மாதான்.”

“ஹலோ? பாலம் உடைஞ்சிருக்குன்னு சொன்னாங்க, லாரிய எந்தப் பக்கம் விடுறது கிராணியம்மா?”

சொன்னாள். வைத்தாள். மறுபடி மணி.

“லோகா, வைக்காத, அம்மாதான்.”

பீப். பீப். உர வியாபாரியின் ஃபேக்ஸ். கீயை அமுக்கினாள். அது காகிதம் காகிதமாக வந்து லைனை அடைத்துக்கொண்டு கிடந்த நேரம் முழுதும் நின்றபடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மேல் கே.எல். மெஷின் ஆரம்பித்தது. அவள் எடுத்தாள், சொன்னாள். அந்தப் பக்கம் வெறும் வெளி. பின் ‘டொக்’ என்று வைக்கும் சத்தம். அழைப்பு கெட்டதும் மெஷின் மறுபடி அடித்தது. மறுபடி எடுத்தாள். அது விடாது என்பது அவளுக்குத் தெரியும். கணக்கை வாங்கும் வரை விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும்படி அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மகளின் பெயரைச் சொல்லி, வைக்காதே என்று ஒரு மெஷினைக் கெஞ்சினாள். மெஷின் ஒவ்வொரு முறையும் வைத்தது.

அடுத்த அழைப்பு.

“லோகா, வைக்காத, அம்மாதான்.”

“ஹலோ… ஆண்ட்டி? நான் பிரெண்டன், எச்.கியூ. ஐ.டி.” குரல் இளைஞனுடையது. “அங்க என்னா நடக்குது? சிஸ்டம் கனெக்ட் ஆகவே மாட்டேங்குது. யாரோ போன எடுக்கிறீங்க.”

“தம்பி, இன்னிக்கு ஒருநாள் மட்டும் உங்க மெஷின நிறுத்தி வைங்க. கணக்கெல்லாம் நான் நாளைக்கு ஃபேக்சுல அனுப்பிடுறேன். ஒருநாள் மட்டும்.”

“அது என் கையில இல்ல ஆண்ட்டி. நான் ரிப்போர்ட்டுதான் போட முடியும். மிஸ்டர் சத்தியசீலன் எங்க?”

“ஃபீல்டுல.”

“இருங்க, லைன வைக்காதீங்க…”

அவள் வைத்துவிட்டாள். லைன் காலியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நொடியும் காலியாக இருக்க வேண்டும்.

கே.எல்.லிலிருந்து ஆலைக்குப் போன் போய், ஆலையிலிருந்து வாக்கி டாக்கியில் செய்தி போயிருக்க வேண்டும். ஜீப் வேகமாக வந்து நின்றது. சத்தியசீலன் உள்ளே வந்தார். பின்சீட்டிலிருந்து நல்லசாமி இறங்கி, சகதிக் காலோடு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“என்னா செய்றீங்க கிராணி? சிஸ்டம் கால எடுத்து எடுத்து வைக்கிறீங்களாமே. யாரு அது லோகா?”

“எம் மவ சார்.”

“மவகிட்டப் பேசறதுக்கா ஆபீசு லைன…”

“அவ எங்க இருக்கான்னே தெரியாது சார். நாளைக்கு சபாவுக்குப் போயிட்டா அப்புறம் இல்ல. ரெண்டு மணி அடிச்சு வைப்பா. நாங்க எல்லாரும் அப்பிடித்தான் சார் அடிப்போம். காலகாலமா அப்பிடித்தான். உங்களுக்குத் தெரியாம.” ஒருமுறை வாயைத் திறந்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. “அந்தத் தம்பி கேட்டப்ப நான் இல்லேன்னு சொல்லிட்டேன். நீங்க நின்னீங்க. அதான் சொன்னேன். சொன்னதுக்கு எம் மவளையே அந்தப் பொட்டி புடிச்சுத் தின்னுது.”

சத்தியசீலன் அலமாரியைப் பார்த்தார். இடுப்புச் சாவியில் அவர் கை போனது. திறந்து என்ன செய்வது என்று தெரியாதவரைப் போல் அங்கேயே நின்றது.

“இருங்க. முதல்ல கே.எல். கணக்கு போவட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம். போன விடுங்க.”

மணி அடித்தது.

அவள் எடுக்கப் போனாள். சத்தியசீலன் போனின் மேல் கையை வைத்தார். “விடுங்க. சிஸ்டம்தான்.”

முதல் மணி முடிந்தது. வாசலிலிருந்து நல்லசாமி உள்ளே வந்தார். சிமெண்ட் தரையில் சகதித் தடம் விழுந்தது. மேனேஜரின் மேசைக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடத்தில் அவர் வந்ததே இல்லை.

“சார்,” என்றார். “அவ எடுக்கட்டும்.”

குரல் உயரவில்லை. சத்தியசீலன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். இரண்டாவது மணி ஒலித்துக்கொண்டிருந்தது.

“லோகா, வைக்காத, அம்மாதான்.”

ஒன்றுமில்லை. வெறும் வெளி. மெஷின்தான் என்று அவள் போனை வைக்கப் போனாள். அப்போது பஸ் ஒன்று உறுமியது. காசு ஒன்று பெட்டிக்குள் விழுந்து உருண்டது.

“அம்மா?”

“நாந்தான். மேனேஜர் இல்ல. பேசு.”

“முதல்லயே எடுத்திட்டியே. நான் வைக்கப் போயிட்டேன்.”

“எங்க இருக்க? அத மட்டும் சொல்லு.”

“குளுவாங். பஸ் ஸ்டேசன்ல. அவரு ராத்திரி வந்துடுவாரும்மா. காலைல கெளம்பறோம். சாமானெல்லாம் கட்டியாச்சு. எங்கிட்ட ஐ.சி. அடையாளக் கார்டுகூட இல்ல, அவருதான் வச்சிருக்காரு. காசும் இதான் கடைசி.”

“வீட்டுக்குத் திரும்பாத. பஸ் ஸ்டேசன்லயே இரு. டிக்கெட் விக்கிற எடத்துக்குப் பக்கத்துல, ஆளுங்க இருக்கற எடமாப் பாத்து இரு. யாரு கூப்பிட்டாலும் போவாத. நாங்க வர்றோம்.”

“நாங்கன்னா?”

குமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். நல்லசாமி போனுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். கொடுத்தாள். அவர் அதைத் தலைகீழாகக் காதில் வைத்து, திருப்பி வைத்து, தொண்டையைச் செருமினார்.

“ஏ… சாப்டியா?”

அந்தப் பக்கம் ஏதாவது பதில் வந்ததா என்று குமுதவல்லிக்குத் தெரியவில்லை. காசு தீர்ந்து லைன் அறுந்த சத்தம் மட்டும் அவளுக்கும் கேட்டது. நல்லசாமி போனைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவள்தான் அதை வாங்கி வைத்தாள்.

“சசிதரன் வேன் இந்நேரம் ஸ்கூல் பிள்ளைங்கள எறக்கிட்டு வந்திருக்கும்,” என்றார் அவர். “குளுவாங்குக்கு எவ்ளோ நேரம் சார்?”

“ஹைவேயில போனா ரெண்டு மணி நேரம், ரெண்டரை மணி நேரம்,” என்றார் சத்தியசீலன். பிறகு, “நான் வேணா…” என்று ஆரம்பித்தார். அவர்கள் இருவரும் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

குமுதவல்லி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்தை நோக்கி ஓடினாள். மழை பிடிக்கப் போகிறது போல் செம்பனை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ராத்திரி என்றால் எத்தனை மணி? ஏழா, பத்தா? அவன் முன்பே வந்துவிட்டால்? வீட்டில் இல்லையென்றதும் முதலில் பஸ் ஸ்டேசனுக்குத்தானே வருவான்?

பின்னால் ஆபீசில் போன் இரண்டு மணி அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது. அலமாரி அதை எடுத்துக்கொண்டது. ஊளையிட்டது. இந்த முறை அந்தப் பக்கமிருந்தும் பதிலுக்கு ஓர் ஊளை வந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொண்டு அமைதியாயின. சத்தியசீலன் தனியாக நின்று பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய எடைக்கணக்கு கோலாலம்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது.